உங்களுக்குத் தெரியுமா? ஆலமரத்துக்கு ஸ்பைரோகைரா சொந்தம்!

குளத்தில் மிதக்கும் வழவழப்பான பச்சை இழை ஒன்றை நுண்ணோக்கியில் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் பசுங்கணிகம் நாடாவாகச் சுருண்டு கிடக்கும். பள்ளி ஆய்வகத்தில் பார்த்த அதே ஸ்பைரோகைராதான். ஆலமரம் உட்பட எல்லாத் தரைத் தாவரங்களுக்கும் மிக நெருங்கிய உறவு, இது சேர்ந்திருக்கும் பாசிக் கூட்டமே என்கின்றன மரபணு ஆய்வுகள். தண்டும் கிளையுமாகச் செடிபோலவே வளரும் காரா பாசிக்குத்தான் அந்த இடம் என்று நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள்.

இன்னும் வியப்பான செய்தி உண்டு. வறட்சி வந்தால் இலைத்துளைகளை மூடச் சொல்வது அப்சிசிக் அமிலம். அதை உணரும் ஏற்பியின் மரபணுக் குடும்பம் ஸ்பைரோகைராவின் கூட்டத்திலேயே இருக்கிறது. இலையே இல்லாத உயிரிடம்! மண் பாக்டீரியாவிடமிருந்து அது இந்தக் கூட்டத்துக்கும் தரைத் தாவரங்களுக்கும் பொதுவான மூதாதைக்குத் தாவி வந்திருக்க வேண்டும் என்பது 2019-இல் வெளியான ஓர் ஆய்வின் கருத்து.

தாவரங்கள் கரையேறியது எப்போது? அர்ஜென்டினாவில் கிடைத்த தரைத் தாவர வித்துகளின் (ஸ்போர்களின்) வயது சுமார் 47 கோடி ஆண்டு. காய்ந்தாலும் அழியாத உறை கொண்டவை என்பதால் இன்றும் சான்றாக நிற்கின்றன. ஸ்காட்லாந்தின் ரைனி ஊர்ப் பாறைகளில், சுமார் 40 கோடி ஆண்டுக்கு முந்தைய செடிகள் செல்லமைப்பு கலையாமல் கல்லாகியிருக்கின்றன. அவற்றுக்கு உண்மையான வேர் கிடையாது. ஆனால் செல்களுக்குள் பூஞ்சை இழைகள் கிளைவிட்டுப் பரவியிருப்பதை இன்றும் பார்க்கலாம். மண்ணின் சத்தைச் செடிக்கு ஊட்ட அப்போதே பூஞ்சைகள் கூட்டுச் சேர்ந்திருந்தன.