ஓவர்கிளாக்கிங்: பிராசஸரின் வேகத்தை உயர்த்த எந்த மதர்போர்டு ஏற்றது?

கணினியின் பிராசஸரைக் கூடுதல் வேகத்தில் இயக்க விரும்புவோர் முதலில் கவனிக்க வேண்டியது மதர்போர்டைத்தான். பிராசஸர் பொருந்தும் எல்லா மதர்போர்டுகளும் அதன் வேகத்தை உயர்த்த அனுமதிப்பதில்லை. இதனை அறியாதவர்கள், வேகத்தை உயர்த்தும் வசதிக்காகவே கூடுதல் விலை கொடுத்து பிராசஸர் வாங்கியும் அந்த வசதியைப் பயன்படுத்த முடியாமல் போகிறது.

ஓவர்கிளாக்கிங் என்றால் என்ன?

தயாரிப்பு நிறுவனம் நிர்ணயித்த வேகத்தைவிடக் கூடுதல் வேகத்தில் பிராசஸரை இயக்குவதே ஓவர்கிளாக்கிங் எனப்படுகிறது. பிராசஸரின் அடிப்படைத் துடிப்பு பொதுவாக 100 மெகாஹெர்ட்ஸ். அதனைப் பெருக்கி எனப்படும் எண்ணால் பெருக்கினால் கிடைப்பதே அதன் வேகம். பெருக்கி 50 எனில் வேகம் 5 ஜிகாஹெர்ட்ஸ். அதனை 52 ஆக மாற்றினால் 5.2 ஜிகாஹெர்ட்ஸ். இந்த மாற்றத்தை பயாஸ் அமைப்பில் செய்ய மதர்போர்டின் சிப்செட் இடம் தர வேண்டும்.

எந்த சிப்செட் அனுமதிக்கும்?

இன்டெல் நிறுவனத்தின் பிராசஸர்களில் பெயரின் இறுதியில் 'கே' அல்லது 'கேஎஃப்' என்ற எழுத்துகள் உள்ளவற்றில் பெருக்கியை மாற்றலாம். அதற்கு இசட்690, இசட்790, இசட்890 போன்ற 'இசட்' வரிசை சிப்செட் தேவை. கோர் ஐ5-14600கே பிராசஸரை பி760 மதர்போர்டில் பொருத்தினால் அது வழக்கமான வேகத்தில் இயங்கும்; அதன் பெருக்கியை உயர்த்த இயலாது. எனினும், நினைவகத்தின் வேகத்தை உயர்த்த பி760 அனுமதிக்கிறது.

ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் பிராசஸர்களில் பெரும்பாலானவை வேகத்தை உயர்த்த இடம் தருபவை. பி550, பி650, எக்ஸ்670 போன்ற 'பி', 'எக்ஸ்' வரிசை சிப்செட்டுகள் இதற்குப் போதுமானவை. ஏ520, ஏ620 ஆகியவற்றில் இந்த வசதி இல்லை. ரைசன் 7 5800எக்ஸ்3டி போன்ற சிலவற்றின் பெருக்கி பூட்டப்பட்டிருப்பதால் எந்த மதர்போர்டிலும் மாற்ற முடியாது.

மின்சாரப் பகுதி ஏன் முக்கியம்?

பவர் சப்ளையிலிருந்து வரும் 12 வோல்ட் மின்சாரத்தை, பிராசஸருக்குத் தேவையான சுமார் 1 முதல் 1.4 வோல்ட் அளவுக்குக் குறைத்துத் தருவது மதர்போர்டில் உள்ள விஆர்எம் பகுதியாகும். 1.25 வோல்ட்டில் 200 வாட் மின்சாரம் எடுக்கும் பிராசஸருக்கு இப்பகுதி 160 ஆம்பியர் வழங்க வேண்டும். அந்தத் திறன் இல்லாவிட்டால் விஆர்எம் சூடாகி, பிராசஸரின் வேகம் தானாகவே குறைக்கப்படும். அதன்பின் ஓவர்கிளாக்கிங்கால் பயன் இல்லை.

விளம்பரங்களில் குறிப்பிடப்படும் 'ஃபேஸ்' எண்ணிக்கையை மட்டும் நம்புவது சரியல்ல. ஒவ்வொரு ஃபேஸும் எத்தனை ஆம்பியர் தாங்கும் என்பதையும், அதன் மீது கனமான ஹீட்சிங்க் பொருத்தப்பட்டுள்ளதா என்பதையும் பார்க்க வேண்டும். வண்ண விளக்குகளுக்கும் வேகத்துக்கும் தொடர்பில்லை.

மின்னழுத்தத்தில் கவனம் தேவை

கூடுதல் வேகத்தில் பிராசஸர் தடுமாறாமல் இயங்கப் பெரும்பாலும் மின்னழுத்தத்தையும் உயர்த்த வேண்டியுள்ளது. வேகம் மாறாமல் மின்னழுத்தம் 10 சதவீதம் உயர்ந்தாலே மின் நுகர்வு ஏறக்குறைய 21 சதவீதம் கூடும். அறையின் வெப்பம் 25 டிகிரியிலிருந்து 35 டிகிரியாக உயர்ந்தால் பிராசஸரின் வெப்பமும் ஏறக்குறைய 10 டிகிரி உயரும் என்பதால், இந்தியக் கோடையில் தரமான கூலர் அவசியம்.

2023-ஆம் ஆண்டில் சில ரைசன் 7000 வரிசை பிராசஸர்கள் கருகியதாகப் புகார் எழுந்ததையடுத்து, அவற்றின் எஸ்ஓசி மின்னழுத்தத்துக்கு 1.3 வோல்ட் என ஏஎம்டி உச்சவரம்பு விதித்தது. 2024-ஆம் ஆண்டில் இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை பிராசஸர்கள் சில நிலையற்று இயங்கியதற்கு, அளவுக்கு மீறிய மின்னழுத்தமே காரணம் என அந்நிறுவனம் தெரிவித்தது. இதற்காக பயாஸ் வழியாக நிறுவும் மைக்ரோகோட் திருத்தங்கள் வெளியிடப்பட்டன. எனவே, பயாஸ் புதுப்பிப்புகளைத் தொடர்ந்து வழங்கும் மதர்போர்டைத் தேர்வு செய்வது நல்லது. தவறான அமைப்பால் கணினி இயங்காமல் போனால் மீட்டெடுக்க உதவும் 'கிளியர் சிமாஸ்' பொத்தான் இருப்பதும் பயன் தரும்.

யாருக்குத் தேவை?

தற்போதைய பிராசஸர்கள் தாமாகவே உச்ச வேகத்தை நெருங்கி இயங்குவதால், ஓவர்கிளாக்கிங் மூலம் கிடைக்கும் கூடுதல் பலன் பெரும்பாலும் சில சதவீதமே. அலுவலகப் பணி, படிப்பு, சாதாரண விளையாட்டுகளுக்குக் கணினி வாங்குவோர், நடுத்தர விலை மதர்போர்டை வாங்கி, மீதமாகும் தொகையைக் கூடுதல் நினைவகத்துக்கோ கிராபிக்ஸ் கார்டுக்கோ செலவிடலாம். ஓவர்கிளாக்கிங்கால் பிராசஸர் சேதமடைந்தால் வாரன்ட்டி கிடைக்காமல் போகலாம் என்பதையும் முன்கூட்டியே கருத்தில் கொள்ள வேண்டும்.