முதல் தொலைகாட்டியும் முதல் நிழற்படமும்

நாவலப்பிட்டியிலிருந்து மலையேறும் புகையிரதப் பாதையில், வட்டவளைக்கும் ஹற்றனுக்கும் இடையே அமைந்த சிறு நிலையம் றொசல்ல. சுற்றிலும் தேயிலை மலைகள். அவற்றின் மடிப்புகளில் லயன் வரிசைகள். பெருநகரங்களின் விளக்கொளி இங்கு வானத்தை அதிகம் வெளிறச் செய்வதில்லை. தை, மாசி மாதங்களில் மழை ஓய்ந்து வானம் வெளிக்கும் இரவுகளில், கொழும்பிற் காண்பதற்கரிய விண்மீன்கள் லயத்து முற்றத்தில் நின்றபடியே காணக் கிடைக்கின்றன. இத்தகைய இரவொன்றில் அண்ணாந்து பார்க்கும் மாணவனுக்கு, இவற்றை இன்னும் அருகிற் காண இயலாதா என்ற ஆசை எழுவது இயல்பே. அந்த ஆசை போற்றத்தக்கது. ஆயின், கொழுந்து பறித்துச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் ஒரு பொருளுக்காகச் செலவாகும்போது, அப்பொருள் பயனற்றதாகிவிடலாகாது. ஆகவே, முதல் தொலைகாட்டியை எவ்வாறு தெரிவது, அதன் வழியே எவ்வாறு படம் பிடிப்பது என்பன அறிந்துகொள்ள வேண்டியவை.

கடையிலே தொலைகாட்டிப் பெட்டியின் மேல் பெரிய எழுத்துகளிற் காணப்படுவது பெருக்கத்தின் அளவு. '500 மடங்கு' என்று அச்சிட்டிருப்பார்கள். பக்கத்திலே சனிக் கோளின் வண்ணப்படம் ஒன்றும் இருக்கும். வாங்குவோர் பலர் ஏமாறும் இடம் இதுவே. தொலைகாட்டியின் ஆற்றல் பெருக்கத்தில் இல்லை. ஒளியைச் சேர்க்கும் பரப்பில் இருக்கின்றது. முன்புறத்தில் அமைந்த வில்லையையோ, குழாயின் அடியில் அமைந்த ஆடியையோ பொருளி என்பர். அதன் விட்டமே முதலிற் கேட்கவேண்டிய கேள்வி. இருளில் நன்கு விரிந்த மனிதக் கண்மணியின் விட்டம் ஏறத்தாழ 7 மில்லிமீற்றர். 70 மில்லிமீற்றர் விட்டமுள்ள பொருளி விட்டத்தில் பத்து மடங்கு. பரப்பிலோ நூறு மடங்கு. அஃதாவது, வெறுங்கண் பெறும் ஒளியைப்போல் நூறு மடங்கு ஒளியை அது திரட்டித் தருகின்றது. 114 மில்லிமீற்றர் ஆடி 260 மடங்குக்கு மேல் திரட்டும்.

பெருக்கத்தைக் கணிப்பது எளிது. பொருளியின் குவியத்தூரத்தைப் பார்வைத்துண்டின் குவியத்தூரத்தால் வகுக்க வேண்டும். 700 மில்லிமீற்றர் குவியத்தூரமுள்ள தொலைகாட்டியில் 25 மில்லிமீற்றர் பார்வைத்துண்டை வைத்தால் பெருக்கம் 28. 10 மில்லிமீற்றர் பார்வைத்துண்டை வைத்தால் 70. பார்வைத்துண்டை மாற்றி மாற்றிப் பெருக்கத்தை எவ்வளவும் கூட்டலாம் என்று தோன்றும். ஆனால் ஒளியின் இயல்பே அதற்கு ஓர் எல்லை வகுத்துள்ளது. பொருளியின் விட்டத்தை மில்லிமீற்றரிற் கூறினால், அதன் இருமடங்கே பயன்தரும் பெருக்கத்தின் மேலெல்லை. 60 மில்லிமீற்றர் தொலைகாட்டிக்கு அது 120. அதற்கு அப்பால் உருவம் பெரிதாகுமேயன்றிப் புதிய நுட்பம் எதுவும் தெரியாது. பெருத்து, மங்கி, கலங்கிப்போகும். 500 மடங்கு என்ற விளம்பரத்தின் உண்மை இவ்வளவே. கலிலியோ 1610 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வியாழனின் நான்கு துணைக்கோள்களைக் கண்டபோது அவர் கையிலிருந்த கருவி ஏறத்தாழ 20 மடங்கு பெருக்குவதாகவே இருந்தது என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

தொலைகாட்டிகள் பொதுவாக இருவகைப்படும். வில்லையினால் ஒளியை முறியச் செய்து குவிப்பது முறிவுத் தொலைகாட்டி. 1668 ஆம் ஆண்டில் நியூற்றன் செய்து காட்டிய வழியில், குழிவாடியினால் ஒளியைத் தெறிக்கச் செய்து குவிப்பது தெறிப்புத் தொலைகாட்டி. முன்னது உறுதியானது, அடிக்கடி சீர்செய்ய வேண்டியதில்லை, ஆனால் மலிவான வில்லைகளில் ஒளிமிக்க பொருள்களைச் சுற்றி ஊதா நிறச் சாயல் தோன்றும். பின்னது அதே விலைக்குப் பெரிய விட்டம் தரும், நிறச்சாயலும் இல்லை, ஆனால் ஆடிகள் நேர்கோட்டில் அமைந்துள்ளனவா என்று இடையிடையே பார்த்துத் திருத்த வேண்டும். பையிற் போட்டு மலைப்பாதையிற் சுமந்து செல்ல வேண்டியவர்க்கு 70 மில்லிமீற்றர் முறிவுத் தொலைகாட்டி போதும். வீட்டு முற்றத்தில் வைத்தே பார்ப்பவர்க்கு 114 அல்லது 130 மில்லிமீற்றர் தெறிப்புத் தொலைகாட்டி கூடிய பயன் தரும்.

குழாயைவிடக் கவனிக்கப்பட வேண்டியது அதனைத் தாங்கும் நிலை. மெல்லிய கால்களையுடைய முக்காலி, விரல் பட்டாலே அதிரும். 70 மடங்கு பெருக்கத்தில் அந்த அதிர்வும் 70 மடங்காகத் தெரியும். நல்ல வில்லையும் ஆடும் முக்காலியில் பயனற்றதே. நிலைகளிலும் இருவகை உண்டு. மேலுங்கீழும் பக்கவாட்டிலும் திரும்புவது ஒன்று. பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்த்துத் துருவத்தை நோக்கி அமைப்பது மற்றொன்று. இரண்டாவதே சிறந்தது என்று மேல்நாட்டு நூல்கள் பலவும் கூறும். அந்நாடுகளில் துருவ நட்சத்திரம் வானில் உயர்ந்து விளங்குகின்றது. றொசல்லவோ வட அகலக்கோடு 7 பாகைக்குச் சற்றுக் குறைவான இடத்தில் உள்ளது. இங்கே துருவ நட்சத்திரம் தொடுவானிலிருந்து ஏறத்தாழ 7 பாகையே உயர்கின்றது. வடக்கே ஒரு மலை நின்றால் அது கண்ணுக்கே தென்படாது. தென்படாத நட்சத்திரத்தைக் கொண்டு நிலையைச் சீர்செய்வது தொடக்கநிலையினர்க்கு வீண் தொல்லை. ஆகவே மலைநாட்டில் முதற்கருவியாக மேலுங்கீழும் திரும்பும் எளிய நிலையே தக்கது. ஜோன் டொப்சன் என்பவர் அமெரிக்காவிற் பரப்பிய, பலகையாற் செய்த பெட்டிநிலையும் இவ்வகையைச் சேர்ந்ததே. ஊர்த் தச்சரும் அதனைச் செய்துதரலாம்.

நிலநடுக்கோட்டுக்கு அண்மையில் வாழ்வோர்க்கு வேறொரு நன்மையும் உண்டு. கோள்கள் இங்கு உச்சி வானத்தை ஒட்டிச் செல்வதால், தொடுவானத்துப் புகார் அவற்றைக் கலக்குவதில்லை. மிருகசீரிடத்தின் கீழே தொங்கும் ஒளிமுகில் தலைக்கு மேலே நிற்கின்றது. அதே வேளை, ஐரோப்பியர் தம் ஊரிலிருந்து காணவே இயலாத தென்சிலுவையும் பங்குனி, சித்திரை இரவுகளில் தென்வானில் எழுகின்றது. ஆனால் உச்சியை நோக்கித் திருப்பிய முறிவுத் தொலைகாட்டியில் கண்ணை வைக்கும் இடம் தரையை நெருங்கிவிடும். ஆதலின் ஒளியைச் செங்கோணத்தில் திருப்பும் துண்டு அதனுடன் இருக்கின்றதா என்று பார்த்தே வாங்க வேண்டும்.

பணம் போதாதவர்க்கு வேறொரு வழியும் உண்டு. பத்து மடங்கு பெருக்கும், 50 மில்லிமீற்றர் வில்லைகளையுடைய இருகண் நோக்கி மலிவான தொலைகாட்டியைவிடப் பன்மடங்கு மேலானது. சந்திரனின் பெரும் பள்ளங்களும், வியாழனின் துணைக்கோள்களும், கார்த்திகைக் கூட்டத்தில் வெறுங்கண்ணுக்குத் தெரியாத பல மீன்களும் அதிற் காணலாம். வானத்தைப் பழகிக்கொள்வதற்கு அதுவே நல்ல ஆசான்.

இனி, மலைநாட்டுக்கே உரிய பகையொன்றைக் குறிப்பிடல் வேண்டும். அது ஈரம். வட்டவளைப் பகுதி இலங்கையிலேயே மிகுந்த மழை பெறும் இடங்களுள் ஒன்று. ஈரம் படிந்த வில்லையை அப்படியே மூடிப் பெட்டியில் வைத்தால், சில மாதங்களிற் சிலந்தி வலைபோலப் பூஞ்சணம் படரும். அது கண்ணாடியின் மேற்பூச்சையே தின்றுவிடும். பார்த்து முடித்தபின் கருவியை வீட்டினுள் திறந்தபடி உலரவிட்டு, பின்னரே ஈரமுறிஞ்சும் சிலிக்காப் பொதிகளுடன் மூடிவைக்க வேண்டும். வில்லையைத் துணியால் அடிக்கடி துடைப்பதும் தீது. பனி விழும் இரவில் குழாயின் முன்னே கறுப்பு அட்டையைச் சுருட்டிச் செருகினால் வில்லை பனிக்காது. பார்ப்பதற்கு அரைமணி முன்பே கருவியை வெளியில் வைத்துக் குளிரவிட்டால் உருவம் தெளிவாகும்.

கண்ணாற் கண்டதைப் பிறர்க்கும் காட்ட விழைவது மனித இயல்பு. இன்று கைத்தொலைபேசியே அதற்குப் போதிய கமராவாகும். முதற்படத்துக்கு ஏற்றது சந்திரன். பூரணை நாளிற் படம் பிடிக்கவே பலரும் முற்படுவர், அது தவறு. அன்று கதிரொளி நேரே விழுவதால் நிழலின்றிச் சந்திரமுகம் தட்டையாகத் தோன்றும். வளர்பிறை ஏழாம் எட்டாம் நாளில், ஒளியும் இருளும் சந்திக்கும் எல்லையில், மலைகளின் நீண்ட நிழல்கள் விழுந்து பள்ளங்கள் செதுக்கியவைபோல் நிற்கும்.

முதலிற் குறைந்த பெருக்கமுள்ள பார்வைத்துண்டை வைத்துச் சந்திரனைக் கூர்மையாக அமைக்க வேண்டும். பின்னர்த் தொலைபேசியின் வில்லையைப் பார்வைத்துண்டுக்கு நேரே, அதன் நடுவில் நிறுத்த வேண்டும். கையாற் பிடிப்பதைவிடச் சிறு பிடியொன்றினாற் பொருத்துவது நன்று. திரையிற் சந்திரனைத் தொட்டு வெளிச்சத்தைக் குறைத்தாலன்றி அது வெறும் வெண்வட்டமாகவே பதியும். விரலாற் பொத்தானை அழுத்தும்போது குழாய் அதிரும். ஆகவே சில வினாடிகள் தாழ்த்திப் படமெடுக்கும் வசதியைப் பயன்படுத்தல் வேண்டும். வில்லை கழற்றக்கூடிய கமரா உள்ளவர், பார்வைத்துண்டை நீக்கிவிட்டுக் கமராவையே குழாயிற் பொருத்தலாம். அப்போது சந்திரனின் உருவம் குவியத்தூரத்தில் ஏறத்தாழ 110 இல் ஒரு பங்கு விட்டத்துடன் விழும். 700 மில்லிமீற்றருக்கு அது 6 மில்லிமீற்றருக்குச் சற்று அதிகம்.

கோள்களைப் படம் பிடிப்பதற்கு முறை வேறு. வளிமண்டலம் ஓடும் நீர்போல இடையறாது அலைவதால், ஒரே படத்தில் வியாழனின் பட்டைகள் தெளிவாக அமைவது அரிது. எனவே ஒரு நிமிடம் அசையும் படமாகப் பதிவு செய்து, அதிலுள்ள பல நூறு சட்டங்களுள் தெளிவானவற்றைத் தெரிந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் முறை வழக்கில் உள்ளது. கணினியில் அதனைச் செய்யும் நிரல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. 2025 ஆம் ஆண்டு மார்ச் மாதத்திற் பூமி சனியின் வளையத் தளத்தைக் கடந்தபோது வளையம் ஒரு கோடாக ஒடுங்கியது. அதன்பின் ஆண்டுக்காண்டு அது விரிந்து தோன்றும். ஒரே மாணவன் ஆண்டுதோறும் எடுத்து வைக்கும் சிறு படங்கள் அந்த மாற்றத்துக்குச் சான்றாகும்.

விண்மீன்களையும் ஒளிமுகில்களையும் தொலைகாட்டி வழியே நெடுநேரம் பதிவு செய்வது தொடக்கத்தில் இயலாது. பூமி சுழல்வதால் வானம் நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை நகர்கின்றது. சந்திரன் இரண்டு நிமிடத்தில் தன் அகலத்தளவு விலகிவிடுகின்றது. எளிய நிலையில் வைத்த கருவி அதனைத் தொடராது. ஆகவே விண்மீன் கூட்டங்களைப் படம் பிடிக்க விரும்புபவர், தொலைகாட்டியின்றிக் கமராவை மட்டும் முக்காலியில் நிறுத்தி, 15 வினாடியளவு திறந்து வைப்பதே தகும்.

எல்லாவற்றிலும் முதன்மையான எச்சரிக்கை சூரியனைப் பற்றியது. தொலைகாட்டி வழியே சூரியனை ஒரு கணம் நோக்கினாலும் கண் நிரந்தரமாகக் கெடும். வலி தோன்றாமலே பார்வை போகும். பழைய கருவிகள் சிலவற்றுடன் பார்வைத்துண்டிற் திருகிவைக்கும் கரிய கண்ணாடி வரும். குவிந்த வெப்பத்தில் அது வெடிக்கும். அதனை எறிந்துவிடுவதே நன்று. கரிபிடித்த கண்ணாடியும் எக்ஸ்றே படமும் காப்பாகா. இதற்கென்றே செய்த வடிதாளைக் குழாயின் முன்வாயில் உறுதியாகப் பொருத்த வேண்டும். பக்கத்திலுள்ள சிறு தேடு குழாயையும் மூட வேண்டும். கமராவுக்கும் இவ்விதியே. பிள்ளைகள் தனியே பகலிற் கருவியைத் தொடாதிருக்கப் பெரியவர் காவல் வேண்டும்.

1955 ஆம் ஆண்டு யூன் 20 ஆம் திகதி இலங்கையின்மீது முழுச் சூரிய கிரகணத்தின் நிழல் விழுந்தது. 20 ஆம் நூற்றாண்டின் மிக நீண்ட முழுக் கிரகணம் அதுவே. அதனை ஆராய வெளிநாட்டு அறிஞர்கள் பெருங்கருவிகளுடன் இந்நாட்டுக்கு வந்தனர். ஆனால் தென்மேற் பருவக்காற்றின் மேகங்கள் பலருடைய உழைப்பை வீணாக்கின. பெருங்கருவி உடையவர்க்கும் வானம் தன் விருப்பப்படியே திறக்கின்றது. அதற்கு மாறாக, கோடைக்கானல் ஆய்வுக்கூடத்தில் சிறிய வில்லைகளினால், 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் நாள்தோறும் எடுத்துவந்த சூரியப் படங்கள் இன்று உலக அறிஞர் தேடும் செல்வமாயின. சென்னை ஆய்வுக்கூடத்திற் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867 இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்ததும் இரவு தவறாத உழைப்பினாலேயே.

கருவியின் விலை கண்டுபிடிப்புகளைத் தருவதில்லை. அளவறிந்து வாங்கிய சிறு தொலைகாட்டி ஒன்றும், நாளும் நேரமும் குறித்த ஒரு குறிப்பேடும், மேகம் விலகும்வரை காத்திருக்கும் பொறுமையும் போதும். லயத்து முற்றத்தில் ஒரு பிள்ளை எடுத்த சந்திரனின் படத்தை, காலையில் மலைக்குச் செல்லுமுன் அதன் தாய் கையில் வாங்கிப் பார்ப்பாளாயின், அந்தக் கருவிக்குக் கொடுத்த பணம் வீண்போகவில்லை எனலாம்.