ஆனந்த ரங்கப் பிள்ளை மாளிகை

ரங்கப் பிள்ளை தெரு, புதுச்சேரி. காலம்: 1730கள்

பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளர், வணிக இடையாளர்) விளங்கிய ஆனந்த ரங்கப் பிள்ளை (1709–1761) வாழ்ந்த வீடு இது. 1736 முதல் அவர் எழுதிவந்த தமிழ் நாட்குறிப்பு, அக்காலப் புதுச்சேரியை அறியப் பெரிதும் உதவுகிறது.

தரைத்தளம் முழுக்கத் தமிழ் வீடு. நடுவே வானம் பார்த்த முற்றம். அதைச் சுற்றிச் செதுக்கு வேலைப்பாடு கொண்ட மரத்தூண்கள். வெளிச்சமும் காற்றும் முற்றத்தின் வழியே உள்ளே வருகின்றன.

அண்ணாந்து பார்த்தால் பாணி மாறுவது தெரியும். மாடியில் மரத்துக்குப் பதிலாக, சாந்து பூசிய பருத்த வெள்ளைத் தூண்கள் பிரெஞ்சு முறையில் நிற்கின்றன.

1761 ஜனவரியில் பிள்ளை காலமானார். அதே மாதம் நகரம் ஆங்கிலேயர் கைக்குப் போனது. பிரெஞ்சுக் கோட்டை தரைமட்டமாக்கப்பட்டது. இந்த வீடு தப்பியது.