தொகைக்கு முன் ஆறு

கிள்ளானில் இளைஞர்களுக்குத் திட்ட முன்மொழிவு எழுதக் கற்றுக்கொடுக்கிறேன். பலரும் முதல் பக்கத்திலேயே தொகையைப் போட்டுவிடுகிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது கேமரன் மலை நீர்மின் திட்டத்தின் கதை.

1957இல் சுதந்திரம் பெற்ற மலாயா, மறு ஆண்டே உலக வங்கியிடம் 3.56 கோடி அமெரிக்க டாலர் கடன் பெற்றது. நாட்டுக்கு அந்த வங்கி கொடுத்த முதல் கடன். வாங்கியது மத்திய மின்சார வாரியம். இன்றைய மின் நிறுவனமான தெனாகா நேஷனலின் முன்னோடி.

தெலோம் ஆற்று நீரைச் சுரங்கம் வழியே பெர்த்தாம் ஆற்றுக்குத் திருப்பி, ரிங்லெட்டில் அணை கட்டி, மலையிலிருந்து இறக்கி மின்சாரம் எடுப்பது திட்டம். இதற்குக் கடன் கேட்கும்போது ஆற்றில் எவ்வளவு நீர் ஓடும், மின்சாரத்தை யார் வாங்குவார்கள், கடனை எப்படி அடைப்போம் என்று காட்டியாக வேண்டும். அந்தக் காலத்தில் வங்கி பெரும்பாலும் இயந்திரம் போன்ற இறக்குமதிச் செலவுக்கே கடன் தந்தது. உள்ளூர்க் கூலிக்கு நாடே பணம் தேட வேண்டியிருந்தது. இங்கேதான் என்னிடம் படிப்பவர்களில் பலர் சறுக்குகிறார்கள். தன் பங்கு எங்கிருந்து வரும் என்று சொல்லாததை நான் விண்ணப்பமாகவே ஏற்பதில்லை.

1963இல் 100 மெகாவாட் நிலத்தடி மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. 1965இல் கெடாவின் மூடா பாசனத் திட்டத்துக்கு அதே வங்கியிடமிருந்து 4.5 கோடி டாலர் கடன் கிடைத்தது. அதன் இலக்கு ஆண்டுக்கு இரண்டு போகம் நெல்.