உலக்கை பிடித்த கையில் பேரேடு!

சாமை குத்துவது எவ்வளவு பெரிய வேலை என்பது நெல்லுச் சோறு உண்டு வளர்ந்தவர்களுக்குத் தெரிய நியாயமில்லை. நெல்லுக்கு மில் வந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. மலைச் சாமைக்கு அந்தப் பாக்கியம் லேசில் கிட்டவில்லை. கடுகு போல் சிறிய மணி. அதன்மேல் வழவழப்பான கெட்டித் தோல். உரலில் கொட்டிக் குத்த வேண்டும். முறத்தில் அள்ளிப் புடைக்க வேண்டும். தோல் போகாத மணிகளை மறுபடியும் உரலில் போட வேண்டும். மறுபடியும் குத்து; மறுபடியும் புடை!

கொல்லிமலையில் இந்த வேலையைத் தலைமுறை தலைமுறையாகச் செய்து வந்தவர்கள் பெண்கள். குத்துவது மட்டுமா? களை எடுப்பது, கதிர் அறுப்பது, விறகு சுமப்பது, கூலிக்குப் போவது எல்லாம் அவர்கள் தலையில்தான். அப்படிப்பட்டவர்களில் சிலர், நாற்பது வயதுக்கு மேல், நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து வரவு செலவு எழுதவும், கூட்டம் கூட்டவும், பாங்கிக்குப் போய்க் கையெழுத்துப் போடவும் வந்தார்கள். எந்த சர்க்காரும் உத்தியோக உத்தரவு அனுப்பி அவர்களை அழைக்கவில்லை. அவர்களைக் கூட்டி வந்தது ஒரு சின்ன இயந்திரம்.

பதினான்கு நாடு

நாமக்கல் ஜில்லாவில் காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கொல்லிமலை. உயரம் 1,000 மீட்டருக்கு மேல். வல்வில் ஓரி ஆண்ட மலை. அறப்பளீஸ்வரர் குடிகொண்ட மலை. ஆகாய கங்கையில் குளிக்க வருகிறவர்கள் மிளகும் அன்னாசியும் வாங்கிக்கொண்டு மாலையே இறங்கிவிடுகிறார்கள். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, சேளூர் நாடு என்று இங்கே பதினான்கு நாடுகள் இருப்பதை அவர்கள் கவனிப்பதில்லை. அந்த நாடுகள்தான் பஞ்சாயத்துகள். யூனியன் தலைமையிடம் செம்மேடு.

மலையில் வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளி என்னும் பழங்குடியினர். கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்வார்கள். சாமை, தினை, கேழ்வரகு, வரகு, பனிவரகு எல்லாம் இவர்களுடைய வெள்ளாமை. சாமையில் மட்டும் மல்லியச் சாமை, கட்டவெட்டிச் சாமை, வெள்ளைப் பெருஞ்சாமை, கருஞ்சாமை என்று பல ரகங்கள் உண்டு.

பிறகு மரவள்ளி வந்தது. கீழே சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகள் கிழங்குக்குக் கையில் காசு கொடுத்தன. இன்னொரு புறம் ரேஷன் அரிசி. சாமைக் காடுகள் மரவள்ளிக் காடுகள் ஆயின. இதற்காக மலைப் பெண்களைக் குறை சொல்லலாமா? சாமைச் சோறு ருசிதான், உலக்கை கனமாயிற்றே!

சென்னையில் 1988-ல் விஞ்ஞானி எம். எஸ். சுவாமிநாதன் தொடங்கிய ஆராய்ச்சி நிறுவனம் 1990-களில் இந்த மலைக்கு வந்தது. அழிந்துகொண்டிருந்த ரகங்களைக் காப்பது அதன் நோக்கம். விதையைக் காக்க வேண்டுமானால் முதலில் பெண்களின் தோளைக் காக்க வேண்டும் என்பது அங்கே வந்தவர்களுக்குப் புரிந்தது. 2000-க்குப் பிறகு தோல் நீக்கும் இயந்திரங்களும் மாவு அரைக்கும் இயந்திரங்களும் கிராமங்களுக்கு வந்தன. அவற்றை நடத்தும் பொறுப்பு ஏதோ ஒரு முதலாளியிடம் போகாமல் மகளிர் சுயஉதவிக் குழுக்களிடம் வந்தது. 2009-ல் குழுக்களும் உழவர் மன்றங்களும் சேர்ந்து ஒரு கூட்டமைப்பும் ஏற்பட்டது.

நோட்டு வந்த கதை

இயந்திரம் வந்தால் பின்னாலேயே நோட்டு வந்தாக வேண்டும். யார் வீட்டுச் சாமை எத்தனை கிலோ? அரவைக் கூலி எவ்வளவு? கரண்டு பில் எவ்வளவு? பெல்ட் அறுந்ததற்குச் செலவு என்ன? கையில் நிற்பது என்ன? இதையெல்லாம் எழுதி வைக்காவிட்டால் மூன்றாம் மாதமே சண்டை. ஆறாம் மாதம் இயந்திரம் துருப்பிடிக்கும்!

எழுதுவது யார்? தமிழ்நாட்டில் சுயஉதவிக் குழுக்கள் 1989-ல் தர்மபுரி ஜில்லாவில் தொடங்கி, 1997-க்குப் பின் மகளிர் திட்டத்தின் மூலம் எல்லா ஜில்லாக்களுக்கும் பரவின. பன்னிரண்டு முதல் இருபது பேர் வரை ஒரு குழு. அதில் ஊக்குநர் ஒருவர்; பிரதிநிதிகள் இருவர். தீர்மான நோட்டு, ரொக்கப் புத்தகம், சேமிப்புப் பேரேடு, கடன் பேரேடு, ஒவ்வொருவருக்கும் தனிப் பாஸ் புத்தகம் என்று ஒரு சின்ன காரியாலயத்துக்கு வேண்டியதெல்லாம் அந்தக் குழுவில் உண்டு. மேஜையும் நாற்காலியும்தான் இல்லை, பாய் உண்டு.

நன்றாகப் படித்த பெண்ணைத்தான் இதற்குப் போட வேண்டும் என்று தோன்றும். ஆனால் படித்த பெண் கல்யாணமாகி வேறு ஊர் போய்விடுவாள். அல்லது வேலை தேடிக் கீழே இறங்கிவிடுவாள். நாற்பதைத் தாண்டியவள் எங்கே போகப் போகிறாள்? அவள் வீடு தெரியும், காடு தெரியும், வாக்குத் தெரியும். நாலெழுத்து வாசிக்கத் தெரிந்தால் போதும், பெட்டிச் சாவியை அவளிடம் கொடுப்பதில்தான் ஊருக்கு நிம்மதி.

அவளுக்கு இன்னொரு யோக்கியதையும் உண்டு. இதைப் பட்டணத்து அதிகாரிகள் சுலபத்தில் ஒப்புக்கொள்வதில்லை. ஒரு வள்ளம் சாமை குத்தினால் எவ்வளவு அரிசி தேறும், எவ்வளவு உமி போகும், ஈரச் சாமையானால் எவ்வளவு குருணை விழும் என்பது முப்பது வருஷம் உலக்கை போட்ட கைக்கு மனப்பாடம். நோட்டில் அரிசிக் கணக்கு உதைத்தால், கூட்டிப் பார்ப்பதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும். எடை தவறா, இயந்திரத்தில் சல்லடை தவறா, ஆள் தவறா என்று தேடத் தொடங்கிவிடுவாள். வணிகவியல் படித்த பிள்ளைக்குக் கூட்டல் சரியாயிருந்தால் போதும், கணக்கு முடிந்துவிடும்!

ஆனால் எழுத்து அத்தனை சுலபமாக வசப்படுவதில்லை. பேனா வழுக்குகிறது. எண்கள் கட்டத்துக்கு வெளியே ஓடுகின்றன. மூக்குக் கண்ணாடி தேவைப்படும் வயது வேறு. "இன்றைக்கு மகள் எழுதட்டும்" என்று ஒரு மாதம் விட்டால் மறு மாதமும் மகள்தான். பிறகு தீர்மான நோட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே கையெழுத்துப் போடும் நிலை வந்துவிடும். கடன் யார் பெயரில் போனது என்பது பாங்கிக்காரர் வந்து கேட்கும்போதுதான் தெரியும். ஆகவே நோட்டை யார் எழுதுகிறார்கள் என்பது சின்ன விஷயமல்ல. பெட்டியில் இருப்பது கூலிக்காரப் பெண்களின் பணம்.

கல் உடைத்தவர்கள்

கொல்லிமலைக்கு முன்பே இதைச் செய்து காட்டியவர்கள் புதுக்கோட்டைப் பெண்கள். 1991-ல் அந்த ஜில்லாவில் அறிவொளி இயக்கம் நடந்தது. அப்போது பெண்கள் கூட்டம் கூட்டமாக சைக்கிள் ஓட்டப் பழகியது நாடெங்கும் பேச்சாயிற்று. அதைவிடப் பெரிய சேதி ஒன்று அவ்வளவாகப் பேசப்படவில்லை. ஒப்பந்தக்காரர்களிடம் கூலிக்குக் கல் உடைத்துக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கான பெண்களிடம், குழுக்களாகச் சேர்ந்து நடத்தும்படி, கல் குவாரிகளின் குத்தகையே வந்தது! காலையில் சம்மட்டி, மாலையில் எத்தனை லோடு போயிற்று என்ற கணக்கு. எழுத்துக் கற்றதன் பலன் அங்கே கூலியிலேயே தெரிந்தது.

பஞ்சாயத்து நாற்காலிக்கும் இப்படி வந்தவர்கள் உண்டு. அரசியல் சட்டத்தின் 73-வது திருத்தம் 1993-ல் அமலுக்கு வந்தது. அதன்படி 1996-ல் நடந்த தேர்தலில் மூன்றில் ஒரு பங்கு இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டன. 2016-ல் அது சரிபாதி ஆயிற்று. விருதுநகர் ஜில்லா கான்சாபுரத்தில் பஞ்சாயத்துத் துப்புரவுத் தொழிலாளியாக இருந்த சரஸ்வதி, 2020-ல் அதே பஞ்சாயத்தின் தலைவியானார். தெருவைக் கூட்டியவர், தெருவுக்குச் செலவு எழுதும் செக்கில் கையெழுத்துப் போட்டார். ஆண்களிலும் உதாரணம் உண்டு. கும்பகோணத்தில் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த சரவணன், நாற்பது வயதுக்கு மேல், 2022-ல் அந்த மாநகராட்சியின் முதல் மேயரானார்.

எல்லா நாற்காலியும் இப்படி அல்ல. தலைவி வயலில் இருக்க, அவர் கணவர் ஆபீசில் உட்கார்ந்திருக்கும் ஊர்களும் உண்டு. 'தலைவியின் கணவர்' என்ற பதவி எந்தச் சட்டத்திலும் கிடையாது. இருந்தும் கூப்பிட்ட குரலுக்கு அவர்தான் எழுந்து வருகிறார்! குழுவில் ஐந்து வருஷம் நோட்டு எழுதிப் பழகிய பெண்ணிடம் இந்த வித்தை சுலபத்தில் பலிக்காது. ரசீது எங்கே என்று கேட்டுவிடுவாள்.

சம்பளம் உண்டா?

இனி வயிற்று விஷயம். குழு ஊக்குநருக்குச் சம்பளம் இல்லை. பஞ்சாயத்து அளவிலான கூட்டமைப்பில் கணக்காளராகப் போனால் மதிப்பூதியம் உண்டு. அதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. ஆகவே காலையில் காடு, பிற்பகலில் கணக்கு. விதைப்பு நாட்களில் கூட்டம் இரவுக்குத் தள்ளிப்போகும். உத்தியோகம் வந்தது; மண்வெட்டி போகவில்லை.

முழுச் சம்பளம் வேண்டுமானால் சர்க்கார் உத்தியோகம். அதற்கு வயதாகிவிட்டது என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குரூப் 4 தேர்வில் கிராம நிர்வாக அலுவலர் போன்ற பதவிகளுக்கு வயது வரம்பு உண்டு. இளநிலை உதவியாளர், தட்டச்சர் போன்ற வேலைகளுக்கு, பத்தாம் வகுப்புக்கு மேல் படித்த பழங்குடியினருக்கு உச்ச வரம்பு கிடையாது. 60 வயது முடியாமலிருந்தால் போதும். பழங்குடியினருக்கு ஒதுக்கீடு நூற்றுக்கு ஒன்று. தேனியில் 2019-ல் 47 வயதுத் தாயும் அவர் மகளும் ஒரே குரூப் 4 தேர்வில் தேறியதைப் பலர் படித்திருப்பார்கள்.

மலையில் தடை, வயது அல்ல. அந்தப் 'பத்தாம் வகுப்புக்கு மேல்' என்ற வரிதான். இன்று நாற்பதைத் தாண்டிய பெண்களில் பலர் தொடக்கப் பள்ளியோடு நின்றவர்கள். அவர்களுக்கும் வழி அடைபடவில்லை. தனித்தேர்வராக முதலில் எட்டாம் வகுப்புத் தேர்வு, பிறகு பத்தாம் வகுப்பு, பிறகு பிளஸ் 2 எழுதலாம். மூன்று தேர்வுக்கும் சேர்த்து நாலைந்து வருஷம் பிடிக்கும். நாற்பதில் தொடங்குகிறவருக்கு அதன் பிறகும் பதினைந்து வருஷம் மிச்சம் இருக்கும். அதுவரை குழுவின் பெட்டிச் சாவி அவர் முந்தானையில்தான்.