பர்க்கிட் கண்ட நோய்

நோய்க்கிருமிகளை எதிர்த்து உடலைக் காப்பன வெள்ளணுக்கள். அவற்றுள் ஒருவகை நெறிதவறிப் பெருகுவதே நிணநீர்ப் புற்று.

1957ஆம் ஆண்டில், ஆப்பிரிக்காவிலுள்ள உகாண்டா நாட்டில், அறுவை மருத்துவர் டெனிஸ் பர்க்கிட் என்பார் தாடையின் இருபுறமும் வீங்கிய குழந்தை ஒன்றைக் கண்டார். பின்னர் வேறோர் ஊரிலும் அத்தகைய குழந்தையைக் கண்டு வியப்புற்றார். அவ்வீக்கம் நிணநீர்ப் புற்றே என்பது பின்பு தெளிவாயிற்று. 1961இல் அவர் பழைய மோட்டார் வண்டியில் ஏறத்தாழ 10,000 மைல் சென்று, மருத்துவமனைதோறும் வினவினார். மலேரியா மிக்க வெப்பப் பகுதிகளிலேயே அந்நோய் மிகுதி என்பது புலனாயிற்று.

கத்தியால் தீராத அந்நோய் மருந்தால் தீரலாயிற்று. இன்று தக்க மருத்துவம் பெறும் குழந்தைகளுள் பெரும்பாலோர் பிழைக்கின்றனர். ஆயின் அக்கட்டி ஓரிரு நாட்களிலேயே இருமடங்காக வல்லது. ஆதலின் வீக்கம் கண்டவுடன் மருத்துவரை நாடுதல் வேண்டும். காலந்தாழ்த்தல் உயிருக்கே கேடாம்.