நட்சத்திரம் வைத்தால் உள்ளே என்ன நடக்கிறது?

தண்டர்பேர்ட் மெயில் செயலியின் இன்பாக்ஸ் கோப்பை டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து பார்த்திருக்கிறீர்களா? வழக்கமான எம்பாக்ஸ் அமைப்பில் மெயில்கள் அத்தனையும் ஒரே நீளக் கோப்பில் வரிசையாகக் கிடக்கும். ஒவ்வொன்றின் தலைப்பகுதியிலும் 'எக்ஸ்-மொசில்லா-ஸ்டேட்டஸ்' என்றொரு வரி, அதில் நான்கே நான்கு இலக்கங்கள். 0001 என்றால் படித்தாயிற்று. பதில் போட்டால் 2 கூடும், நட்சத்திரம் வைத்தால் 4 கூடும். மூன்றும் செய்த மெயில்? 0007! டெலீட் செய்தால் 8 கூடும், அவ்வளவுதான். கோப்பைச் சுருக்கச் சொல்லும்வரை மெயில் உள்ளேயேதான் இருக்கும்.

எதற்கு நான்கு இலக்கம் என்று யோசித்தால் உற்சாகம் தாங்காது! 1 இருந்த இடத்தில் 5 எழுதினாலும் கோப்பின் நீளம் ஒரு பைட்கூட மாறாது. அதனால் பின்னால் இருக்கிற எதையும் நகர்த்த வேண்டியதில்லை. இந்த ஏற்பாடு இல்லையென்றால் ஒற்றை நட்சத்திரத்துக்காக ஜிபி கணக்கில் வட்டில் திரும்ப எழுத நேரும். டேக் பெயர்களுக்கான வரி இன்னும் அழகு. அதன் வாலில் வெறும் இடைவெளிகளாக விட்டிருப்பார்கள். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல, நாளைக்கு வரப்போகும் டேகுக்கு இன்றே சீட்!

இனி திரைக்கு வருவோம். 50,000 மெயில் இருந்தாலும் பட்டியல் வழுக்கிக்கொண்டு ஓடுகிறதே, எப்படி? கண்ணில் படுகிற சில பத்து வரிகளை மட்டுமே வரைகிறார்கள். நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையில் ஒரு தடவை வரையக் கிடைப்பது சுமார் 16 மில்லி செகண்ட்.

அந்த வேகம் சிக்கித் திணறும் இடம், 'எல்லாவற்றையும் படித்ததாகக் குறி'. படித்தது, நட்சத்திரம் போன்ற குறிகளைக் கொடிகள் என்பார்கள். ஒரு கொடி மாறியதும் 'எண்ணிக்கை மாறிவிட்டது, வரியைத் திரும்ப வரை' என்று நிரல் தன் மற்ற பகுதிகளுக்கெல்லாம் தகவல் அனுப்புகிறது. 20,000 மெயிலுக்கு 20,000 தடவை இதே கூச்சல் என்றால் திரை உறையாமல் என்ன செய்யும்? கொடிகளை எல்லாம் முதலில் மாற்றிவிட்டு, கடைசியில் ஒரே ஒரு தகவல் அனுப்பினால் போதும். சர்வருக்கும் அப்படியே: இத்தனையாம் எண் முதல் இத்தனையாம் எண் வரை என்று ஒரே கட்டளையில் முடித்துவிடலாம்.

சர்வரோடு பேசும் ஐமேப் மொழியை 1986இல் ஸ்டான்ஃபோர்டில் உருவாக்கியவர் மார்க் கிறிஸ்பின். அதில் எனக்கு உயிரான சின்னம் ஒன்று உண்டு: கூட்டல் குறி! நீங்கள் போனில் நட்சத்திரம் வைக்கிறீர்கள். அது தெரியாத லேப்டாப், கூட்டல் இல்லாமல் 'கொடி: படித்தது' என்று அனுப்பினால் பழைய கொடிகள் எல்லாம் போய் அது மட்டும் நிற்கும். நட்சத்திரம் காலி. கூட்டலோடு அனுப்பினால் இருப்பதோடு சேரும். இந்த மாதிரிப் பிழையைத் திருத்த ஒரே ஓர் எழுத்து போதும் என்பதை நினைத்தால் சிலிர்க்கிறது.

'பீக்' என்ற சொல்லும் அப்படித்தான். அதைச் சேர்க்காமல் மெயிலின் உடலைக் கேட்டால் படித்த முத்திரையைச் சர்வரே குத்திவிடும். தேடலுக்காக மெயில்களை முன்கூட்டியே இறக்கிவைக்கும் மென்பொருள் இதை மறந்தால், நீங்கள் தொடாத மெயில்கூடப் படித்ததாகிவிடும்!

ஐமேப்புக்கு 2006இல் வந்த 'காண்ட்ஸ்டோர்' நீட்டிப்பைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. கொடி மாறும்போதெல்லாம் சர்வர் ஒரு வரிசை எண்ணை ஏற்றிக்கொண்டே போகும். 'போனமுறை நான் பார்த்த எண்ணுக்குப் பிறகு மாறியது எது?' என்று மெயில் செயலி கேட்டால் மாறிய மூன்று நான்கு மட்டும் வரும், 50,000 கொடிகளும் அல்ல.

ஆசையாக இருக்கிறதா? தண்டர்பேர்டை மூடிவிட்டு, மெயில்களைச் சர்வரில் அல்லாமல் கணினியிலேயே வைத்திருக்கும் கணக்கின் இன்பாக்ஸ் கோப்பைப் பிரதி எடுத்து, அந்தப் பிரதியில் நீங்கள் படித்துவிட்டு, பதிலோ நட்சத்திரமோ போடாமல் விட்ட ஒரு மெயிலைத் தேடுங்கள். பிறகு திரும்பத் திறந்து அதே மெயிலுக்கு நட்சத்திரம் வையுங்கள், மூடிவிட்டு இன்னொரு பிரதி எடுங்கள். 0001 இருந்த இடத்தில் 0005!